ஒரு கிளிக்குக்கு எத்தனை வெள்ளி?

தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கும்போது, லெபோ பினாங்கில் ரவிக்கை தைக்கும் கடை ஒன்று கூகுளில் விளம்பரம் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 'ரவிக்கை தையல் பினாங்கு' என்று தேடுகிறவர் அந்த விளம்பரத்தைத் தொட்டால் கடைக்கு 2 வெள்ளி 51 காசு செலவு. நாலு கடை தள்ளி இருப்பவருக்கோ அதே சொல்லுக்கு 3 வெள்ளி 1 காசு. ஏன் என்று கேட்டால், "அதுதான் மார்க்கெட் ரேட், அண்ணே" என்று ஏஜென்சிக்காரர் சொல்லிவிடுவார். அப்படி ஒரு ரேட்டே கிடையாது. பினாங்குக் குட்டி இந்தியாவில் கடை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒவ்வொரு தேடலுக்கும் தனியாக ஓர் ஏலம் நடக்கிறது. கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தும் விடுகிறது. 1998இல் கலிஃபோர்னியாவில் பில் கிராஸ் தொடங்கிய கோடூ.காம்தான் இந்த வியாபாரத்துக்கு வழி போட்டது. அங்கே அதிகம் கேட்டவர் மேலே வருவார், கேட்ட தொகையை அப்படியே கட்டுவார். 2002இல் கூகுள் அதை மாற்றியது. கேட்ட தொகையோடு விளம்பரத்தின் தரத்தையும் பெருக்கியது. கட்டவேண்டியதோ, அடுத்து நிற்பவரைத் தாண்டப் போதுமான தொகை மட்டும்.

கணக்காகவே பார்ப்போம். நம் கடை அதிகபட்சம் 3 வெள்ளி தரத் தயார், தரம் 8, பெருக்கினால் 24. நாலு கடை தள்ளி இருப்பவர் 5 வெள்ளி, தரம் 4, பெருக்கினால் 20. மூன்றாமவர் 2 வெள்ளி, தரம் 6; பெருக்கினால் 12. குறைவாகக் கேட்ட நம் கடைதான் முதலிடம். அது கட்டுவது 20ஐ 8ஆல் வகுத்து ஒரு காசு கூட்டிய தொகை, அதாவது 2 வெள்ளி 51 காசு. கீழே நிற்பவர் கட்டுவது 12ஐ 4ஆல் வகுத்து ஒரு காசு கூட்டிய தொகை, 3 வெள்ளி 1 காசு. இது புரிவதற்காகச் சுருக்கிய கணக்கு. தேடுகிறவரின் இடம், நேரம், சாதனம் எல்லாம் இன்று ஏலத்தில் சேருகின்றன. விளம்பரக் கணக்கில் 1 முதல் 10 வரை காட்டப்படும் தர மதிப்பெண்ணும் ஒரு வழிகாட்டிதான், ஏலத்துக்குள் நேரே நுழையும் எண் அல்ல. ஆனாலும் அடிப்படை இதுதான். விளம்பரத்தில் ரவிக்கை என்று போட்டுவிட்டு, தொட்டால் பட்டுப்புடவைப் பக்கம் திறந்தால் தரம் இறங்கும், விலை ஏறும். அந்த நேரத்தில் தொகையைக் கூட்டுவதைவிடப் பக்கத்தைத் திருத்துவதே மேல்.

விலையில் நம் கைக்கு எட்டாத பகுதியும் உண்டு. தேடல் விளம்பர ஏலத்தைத் திருத்தி விலையை 5 விழுக்காடு வரை, சில தேடல்களில் 10 விழுக்காடு வரைகூட ஏற்ற முடிந்தது என்று அப்போது கூகுளின் விளம்பரப் பிரிவுத் தலைவர்களில் ஒருவராக இருந்த ஜெரி டிஷ்லர் 2023இல் அமெரிக்க நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். கூகுள் சட்டத்துக்குப் புறம்பாக ஏகபோகத்தைக் காத்துவந்தது என்று அதே வழக்கில் நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டு 5இல் தீர்ப்பளித்தார்.

ஆனால் சிறு கடையின் பணம் அதிகம் கசிவது வேறு இடத்தில். கணக்கில் 'தேடிய சொற்கள்' என்றொரு அறிக்கை இருக்கிறது. அதைத் திறந்தால் 'தையல் மெஷின் விலை', 'தையல் வகுப்பு', 'தையல்காரர் வேலை' என்று தேடியவர்களும் நம் விளம்பரத்தைத் தொட்டிருப்பது தெரியும். ஒவ்வொன்றுக்கும் காசு போயிருக்கும். சொல் பொருத்தத்தை அகலமாக வைத்ததன் பலன் இது. இத்தகைய சொற்களை விலக்குப் பட்டியலில் சேர்த்தால் நின்றுவிடும். இட அமைப்பையும் பாருங்கள். மாற்றாமல் விட்டால், பினாங்கில் இருப்பவர்களோடு பினாங்கில் ஆர்வம் காட்டுகிறவர்களுக்கும் விளம்பரம் போகும். சென்னையில் சுற்றுலாத் திட்டம் போடுகிறவர் உங்கள் கடை வாடிக்கையாளர் ஆகமாட்டார். நாளுக்கு 30 வெள்ளி என்று வைத்தாலும் ஒரே நாளில் 60 வரை போகலாம். மாதத்துக்கு உச்சம் 912. அதன்மேல் சேவை வரி 8 விழுக்காடு, 2024 மார்ச்சுக்கு முன் அது 6. ஆக மொத்தம் 984 வெள்ளி 96 காசு.

ஏஜென்சியை அமர்த்தியிருக்கும் கடைக்காரருக்கும் உரிமை உண்டு. செலவு, கிளிக், விளம்பரம் தோன்றிய எண்ணிக்கை மூன்றையும் மாதம் ஒருமுறையாவது வாடிக்கையாளருக்குக் காட்டவேண்டும், தனியே நிர்வாகக் கட்டணம் எடுப்பதைச் சொல்லவேண்டும் என்பது கூகுளின் விதி. முதலிடத்துக்கு உத்தரவாதம் கொடுப்பதும் அதே விதிக்கு முரண். கணக்கு உங்கள் மின்னஞ்சலில் திறக்கப்படட்டும். ஏஜென்சிக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். கணக்கு அவர்கள் பெயரில் இருந்தால், பிரியும் நாளில் நீங்கள் காசு கொடுத்துச் சேர்த்த விவரம் அத்தனையும் அவர்களோடு போய்விடும்.

போட்டியாளர் உங்கள் கடைப் பெயரையே ஏலம் கேட்டால்? சென்னையின் பாரத்மேட்ரிமோனி இதே குறையோடு கூகுள்மீதும் ஷாதி, ஜீவன்சாதி போன்ற போட்டியாளர்கள்மீதும் வழக்குப் போட்டது. பாரத், மேட்ரிமோனி போன்றவை பொதுச் சொற்கள் என்று சொல்லி, இடைக்காலத் தடை தர 2010 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் மறுத்தது. 2023 ஆகஸ்டில் டெல்லி உயர்நீதிமன்றமோ, இந்த ஏலத்தில் கூகுள் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் தரப்பு அல்ல, வாடிக்கையாளர் குழம்பினால் அது வர்த்தகச் சின்ன மீறல் ஆகும் என்றது. நமக்குப் பாடம், தனித்துவமான பெயரை, வர்த்தகச் சின்னங்களைப் பதியும் மைஐபிஓவில் பதிந்துவைப்பது. பதிந்த பெயரைப் போட்டியாளர் தன் விளம்பர வாசகத்தில் எழுதினால் கூகுளிடம் புகார் செய்து தடுக்கலாம். தேடுசொல்லாக ஏலம் கேட்பதை மட்டும் கூகுள் தடுப்பதில்லை.

ஏஜென்சி ஏமாற்றினால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தை நம்பிப் பயனில்லை. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சொந்த, வீட்டு உபயோகத்துக்கு வாங்குகிறவருக்கானது. கடை விளம்பரம் அதில் அடங்குவது கடினம். தொகை சிறியதென்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை வழி இருக்கிறது, அதற்கு வழக்கறிஞர் தேவையில்லை. எழுத்தில் ஒப்பந்தமும் மாத அறிக்கைகளும் கையில் இருக்கவேண்டும். கூகுளிலிருந்து பேசுகிறோம் என்று யாராவது அழைத்து அட்டை எண்ணைப் பிடுங்கிப் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் மோசடி உதவி எண்ணான 997ஐ அழையுங்கள்.

ஒரே ஆள் திரும்பத் திரும்பத் தொடுகிறார் என்று சந்தேகம் வந்தால் கூகுளிடம் கிளிக் விசாரணை கேட்கலாம். அதற்கும் கட்டணத் தகராறுக்கும் கெடு 60 நாள். ஆகவே இந்த மாதத்துப் பில்லோடு போன மாதத்துப் பில்லையும் சேர்த்து எடுத்து வையுங்கள்.