பாலத்தருகே செத்துக் கிடந்த ‘பிச்சைக்காரன்’! டால்பின் சாவில் துப்பு துலக்கிய நோட்டுப் புத்தகம்

அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் உள்ள கடலோர நகரம் சரசோட்டா. அதன் தெற்கே, படகுகள் போகும் கடல் வாய்க்காலில் ஆல்பி ரோடு பாலம் இருக்கிறது. 2012-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் அந்தப் பாலத்தருகே ஒரு பிணம் கிடந்தது.

செத்தவன் பெயர் ‘பெக்கர்’. தமிழில் சொன்னால் பிச்சைக்காரன். ஊரே அறிந்த ஆசாமி. ஆனால் மனிதன் அல்ல, டால்பின்! நம்ம மீனவர்கள் ஓங்கில் என்பார்களே, அந்தக் கூட்டம்தான்.

20 வருஷமாக அந்தப் பாலத்தைச் சுற்றியே வளைய வந்தவன் அவன். படகைக் கண்டால் போதும், பக்கத்தில் வந்து தலையை நீட்டுவான். வாயைப் பிளப்பான். படகில் இருப்பவர்களுக்கு ஒரே குஷி. "பாவம், பசிக்குது போல" என்று கையில் இருப்பதைத் தூக்கிப் போடுவார்கள். அதனால்தான் அந்தப் பெயர்.

அவன் எப்படி செத்தான்? இதைத் தோண்டித் துருவியது போலீசார் அல்ல. பல வருஷமாக டால்பின்களின் நடமாட்டத்தை நிமிஷக் கணக்கில் எழுதி வைத்த ஓர் ஆராய்ச்சிக் குழு.

பள்ளிக்கூட பையன்

இந்தக் குழுவின் கதையே ஒரு மாணவனோடு ஆரம்பித்ததுதான். 1970-ம் ஆண்டு சரசோட்டாவில் மோட் கடல் ஆய்வுக்கூடத்தில் பிளேர் இர்வின் என்ற ஆராய்ச்சியாளருக்கு ஒரு சந்தேகம். விரிகுடாவில் தெரியும் டால்பின்கள் அங்கேயே குடியிருக்கிறவையா? அல்லது வழிப்போக்கர்களா?

அவருக்கு எடுபிடியாகச் சேர்ந்தவர் ராண்டல் வெல்ஸ். அப்போது அவர் உயர்நிலைப்பள்ளி மாணவர். இருவரும் டால்பின்களைப் பிடித்து அடையாள வில்லை மாட்டி விட்டுப் பார்த்தார்கள். விட்ட டால்பின்கள் அதே இடத்தில் திரும்பத் திரும்ப தட்டுப்பட்டன. ஆக, அவை அந்த ஊர்க்காரர்கள்தான்!

எடுபிடியாக வந்த பையன் பிறகு டாக்டர் பட்டம் வாங்கி, அந்தத் திட்டத்துக்கே தலைவரானார். கடலில் திரியும் டால்பின்களைப் பற்றி உலகத்தில் இவ்வளவு நீண்ட காலம் நடந்த ஆராய்ச்சி வேறு கிடையாது. பாட்டி, தாய், பேத்தி என்று ஐந்து தலைமுறை அவர்கள் கணக்கில் ஏறிவிட்டது. 1950-ல் பிறந்த ‘நிக்லோ’ என்ற பெண் டால்பின் 66 வயதிலும் நீந்திக்கொண்டிருந்ததை 2016-ல் படம் எடுத்தார்கள்.

ரேகை மாதிரி துடுப்பு

எல்லாம் ஒரே சாம்பல் நிறம், ஒரே வழுவழுப்பு. இன்னார்தான் என்று எப்படித் தெரியும்?

குற்றவாளிக்குக் கைரேகை மாதிரி, டால்பினுக்கு முதுகுத் துடுப்பு. அதன் பின் ஓரத்தில் வெட்டு, பிளவு, பள்ளம் என்று தழும்புகள் இருக்கும். ஒன்றுக்கு இருப்பதுபோல் இன்னொன்றுக்கு இருக்காது. தண்ணீருக்கு மேலே துடுப்பு தெரிகிற இரண்டு மூன்று வினாடிக்குள் கேமராவைத் தட்ட வேண்டும். தவறினால் அடுத்த மூச்சுக்கு அது மேலே வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இங்கேதான் மாணவ-மாணவிகள் வேலை. கல்லூரியிலிருந்து சில மாதம் பயிற்சிக்கு வருகிறவர்கள் சின்னப் படகில் ஏறுகிறார்கள். ஒருவர் கண் கடல் மேல். ஒருவர் கையில் கேமரா. ஒருவர் எழுதுகிறார். எத்தனை டால்பின், குட்டி உண்டா, மேய்கிறதா, விளையாடுகிறதா, தூங்கி வழிகிறதா, பக்கத்தில் படகு உண்டா? ஒரே டால்பினை மணிக்கணக்கில் பின்தொடரும் நாளும் உண்டு. அன்றைக்கு சில நிமிஷத்துக்கு ஒரு தடவை, அது என்ன செய்தாலும், செய்யாவிட்டாலும், எழுதியே தீர வேண்டும்.

வெயிலில் முகம் கருகும். டால்பினோடு நீந்தலாம் என்று கனவு கண்டு வந்தால் ஏமாற்றம்தான். கரைக்கு வந்த பிறகு அதைவிடப் பெரிய வேலை: எடுத்த படத்தில் உள்ள ஒவ்வொரு துடுப்பையும் பழைய படங்களோடு ஒத்துப் பார்ப்பது. ஸ்டேஷனில் ரேகைப் பிரிவு ஏட்டு படுகிற பாடுதான்!

100 மணி நேர வேவு

2011-ல் பிச்சைக்காரன் மேல் இந்தக் கண் திரும்பியது. கோடைகாலத்தையொட்டி சுமார் 100 மணி நேரம் அவனை வேவு பார்த்தார்கள். கிடைத்த கணக்கு தலை சுற்றுகிறது.

அவனுக்கும் மனிதர்களுக்கும் நடந்த கொடுக்கல்-வாங்கல் 3,600. அதாவது 2 நிமிஷத்துக்கு ஒரு தடவைக்கும் மேலே!

தீனி போட முயன்றது 169 தடவை. நீட்டிய பண்டங்கள் 520. கணவாய், இறால் என்றாலாவது சரி. பீர், ஹாட்டாக் என்ற இறைச்சி ரொட்டி, பழம்! டால்பினுக்கு பீர் ஊற்றுகிற புத்தி எந்தப் புண்ணியவானுக்கு வந்ததோ?

தொட்டுப் பார்க்க கை நீட்டியவர்கள் 121 தடவை. அதில் 9 பேருக்கு கடி விழுந்தது. அதற்கும் கூட்டம் குறையவில்லை.

மற்ற டால்பின்கள் விரிகுடா முழுக்கச் சுற்றி, கூட்டாளிகளோடு மீன் தேடித் திரியும்போது, இவன் அந்த ஒரு துண்டு வாய்க்காலிலேயே படகுகளுக்கு நடுவே காலத்தை ஓட்டினான்.

பிரேத பரிசோதனை

மறு வருஷம் செத்துப்போனான். மோட் ஆய்வுக்கூடத்தில் பிணத்தை அறுத்துப் பார்த்தார்கள்.

வயிற்றில் தூண்டில் முள்கள் இருந்தன. குடல் பகுதியில் புண்கள். விலா எலும்புகள் முறிந்திருந்தன. படகு அடித்த பழைய காயம் தெரிந்தது. திருக்கை மீனின் முள்ளும் உடம்புக்குள் குத்தியிருந்தது. உடலில் நீர்ச்சத்து வற்றிப் போயிருந்தது.

இன்னொன்று, கணவாயின் அலகுகள். சரசோட்டா டால்பின்கள் வழக்கமாகக் கணவாய் தின்பதில்லை. தூண்டிலில் கோக்கும் இரையை யாரோ போட்டிருக்கிறார்கள் என்பதற்கு வயிற்றிலேயே சாட்சி!

இத்தனை காயத்தில் உயிரை எடுத்தது எது என்று மட்டும் டாக்டர்களால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. ஒரு ஆளைக் கூண்டில் ஏற்ற வழியில்லாத வழக்கு.

அமெரிக்காவில் காட்டு டால்பினுக்குத் தீனி போடுவது சட்டப்படி குற்றம். அபராதம் உண்டு, ஒரு வருஷம் வரை ஜெயிலும் உண்டு. ஆனால் படகில் வருகிறவர்கள் ஆசையாக ஒரு இறாலைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அடுத்த படகு வருகிறது. அதுவும் ஒரு இறால்தான்.

ஒருத்தனோடு நின்றதா?

டால்பின் குட்டி பிறந்து மூன்று முதல் ஆறு வருஷம் வரை தாயோடு இருக்கும். மீன் பிடிக்கும் சூட்சுமம் எல்லாம் பார்த்துப் பழகுவதுதான். அப்படியானால் பிச்சை எடுப்பதையும் பார்த்துப் பழகுமா?

இதற்கு விடை சொல்ல ஒரு வருஷக் கணக்கு போதாது. 1993 முதல் 2014 வரை மாணவர்களும் ஆராய்ச்சியாளர்களும் எழுதி வைத்த ஏடுகளை எடுத்தார்கள். எந்தத் துடுப்பு எந்தத் துடுப்போடு சேர்ந்து திரிந்தது, எது படகைத் தேடிப் போனது, எதற்குப் புதுத் தழும்பு விழுந்தது என்று ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்தார்கள். 2016-ல் முடிவு வெளியானது.

மனிதனிடம் தீனி வாங்கிப் பழகிய டால்பின்களோடு அதிகம் சேரும் டால்பின்களுக்கும் அந்தப் பழக்கம் எளிதில் தொற்றுகிறது. பழகியவற்றுக்குப் படகாலும் தூண்டிலாலும் காயம் படுவதும் மற்றவற்றைவிட அதிகம்.

பிச்சைக்காரனின் துடுப்புப் படமும் அந்த ஏடுகளில் இருக்கிறது.