பல் தேய்ந்தது எங்கே?

வயலுக்குப் புறப்படும் நேரத்தில் சிறிய டிராக்டர் ஒன்று கிளம்ப மறுக்கிறது. சாவியைத் திருப்பினால் 'கரகர' என்ற ஓசை மட்டும் எழுகிறது, எஞ்சின் சுழலவில்லை. "ஸ்டார்ட்டர் போய்விட்டது" என்று முடிவு செய்து புதியதை வாங்கிப் பொருத்துகிறார்கள். சில நாட்களில் அதே ஓசை மீண்டும் கேட்கிறது. புதிய ஸ்டார்ட்டரின் பற்களும் சிதைகின்றன. பணம் செலவானதுதான் மிச்சம். குற்றம் இருந்த இடம் வேறு. அந்த இடத்தைக் கண்டறிய எளிய கணக்கு ஒன்று போதும்.

இரு பல் சக்கரங்கள்

டீசல் எஞ்சின் தானாக ஓடத் தொடங்காது. முதலில் அதை யாராவது சுழற்றிவிட வேண்டும். முன்பு இதைக் கைப்பிடியால் செய்தார்கள். சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கப் பொறியாளர் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர், 1912-ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் இடம்பெற்றது. இன்றைய டிராக்டர்களிலும் அதே தத்துவம்தான்.

எஞ்சினின் கிராங்க் தண்டோடு ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம் இணைந்துள்ளது. அதன் விளிம்பில் எஃகாலான பல் வளையம் ஒன்று இறுகப் பொருந்தியிருக்கும். இதுவே ரிங் கியர். சாவியைத் திருப்பியதும் ஒரு மின்காந்தம், ஸ்டார்ட்டரின் முனையிலுள்ள பினியன் என்ற சிறு பல் சக்கரத்தை முன்னே தள்ளுகிறது. பினியன் ரிங் கியரைக் கவ்விச் சுழற்றுகிறது.

பினியனில் 9 பற்களும் வளையத்தில் 108 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். பினியன் 12 முறை சுழன்றால் எஞ்சின் ஒரு முறை சுழலும். வேகம் குறைந்தாலும் திருப்பு விசை 12 மடங்காகிறது. கைக்கடக்கமான மோட்டார் கனமான எஞ்சினை அசைப்பது இதனால்தான்.

ஏன் சில பற்கள் மட்டும்?

வளையத்தின் 108 பற்களும் ஒரே அளவில் தேய்வதில்லை. காரணம், எஞ்சின் நிற்கும் விதம். எஞ்சினை நிறுத்தும்போது அதன் வேகம் குறைந்துகொண்டே வரும். இறுதியில் ஏதோ ஒரு சிலிண்டரில் அடைபட்ட காற்றை முழுவதும் அமுக்கப் போதிய ஆற்றல் இல்லாமல், பிஸ்டன் சற்றுப் பின்வாங்கி நின்றுவிடும். எனவே அமுக்க வீச்சு நிகழும் இடத்திற்குச் சற்று முன்பாகவே எஞ்சின் பெரும்பாலும் நிற்கிறது.

நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு, அதாவது 720 பாகைக்கு, ஒருமுறை காற்றை அமுக்கும். மூன்று சிலிண்டர் எஞ்சினில் இது 240 பாகைக்கு ஒருமுறை நிகழும்: 240, 480, 720. ஒரே சுற்றாக்கிப் பார்த்தால் 240, 120, 0. ஆக, வளையத்தில் 120 பாகை இடைவெளியில் மூன்று இடங்கள். ஸ்டார்ட்டர் அசையாமல் ஒரே இடத்தில் இருப்பதால், பினியன் மீண்டும் மீண்டும் அந்த மூன்று இடங்களிலேயே வந்து மோதுகிறது. அங்குள்ள பற்களே முதலில் தேய்கின்றன.

ஓசை சொல்லும் செய்தி

'டக் டக்' என்ற ஓசை மட்டும் கேட்டு விளக்குகளும் மங்கினால், பாட்டரியையும் அதன் இணைப்புகளையும் முதலில் பார்க்க வேண்டும். மோட்டார் 'விர்' என்று சுழன்றும் எஞ்சின் அசையாவிட்டால், பினியன் முன்னே வரவில்லை. அல்லது அதன் ஒருவழிக் கிளட்ச் வழுக்குகிறது. 'கரகர' ஓசையானால் பற்கள் சரியாகக் கவ்வவில்லை என்று பொருள்.

இந்தக் 'கரகர' எப்போதும் கேட்டால் பினியன் மீதோ தளர்ந்த ஸ்டார்ட்டர் போல்ட்டுகள் மீதோ ஐயம் கொள்ளலாம். சில வேளை மட்டும் கேட்டால் ரிங் கியர் மீதே ஐயம் எழும். அதை உறுதி செய்ய மெக்கானிக் சாவியை எடுத்துவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றுகிறார். பிறகு கிராங்க் தண்டின் முன்முனை போல்ட்டை ஸ்பேனரால் சிறிது திருப்புகிறார். மீண்டும் இணைத்துச் சாவியைத் திருப்பும்போது எஞ்சின் ஒழுங்காகக் கிளம்பினால், தேய்வு வளையத்தில்தான். ஸ்டார்ட்டரைக் கழற்றி, அந்தத் துளை வழியே விளக்கொளியில் வளையம் முழுவதையும் சுற்றிப் பார்த்தால் மூன்று இடங்களும் கண்ணுக்கே தெரியும்.

சரி செய்வது எப்படி?

வளையத்தை மாற்ற டிராக்டரை நடுவே பிரித்து, எஞ்சினையும் கியர் பெட்டியையும் விலக்க வேண்டும். பெரிய வேலை, ஆகவேதான் முதலில் சரியாகக் கண்டறிவது முக்கியம். புதிய வளையத்தைச் சூடாக்கிப் பொருத்துவார்கள். உள்விட்டம் 300 மி.மீ. உள்ள எஃகு வளையத்தின் வெப்பம் 200 பாகை செல்சியஸ் உயர்ந்தால், விட்டம் ஏறத்தாழ 0.7 மி.மீ. விரியும். ஆறியதும் அது ஃப்ளைவீலை இறுகப் பிடித்துக்கொள்ளும். அளவுக்கு மீறிச் சூடாக்கினால் பற்களின் கடினத்தன்மை கெட்டுவிடும்.

ஓர் எச்சரிக்கை: ஸ்டார்ட்டர் முனைகளைத் திருப்புளியால் இணைத்து எஞ்சினைக் கிளப்புவோர் உண்டு. கியர் விழுந்திருந்தால் டிராக்டர் உடனே நகர்ந்து, அருகில் நிற்பவர் மீது ஏறிவிடும். இவ்வாறு உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள், ஒருபோதும் செய்யலாகாது.

இனி உங்களுக்கு ஒரு கணக்கு. நான்கு சிலிண்டர் எஞ்சினில் எத்தனை இடங்கள் தேயும்? ஆறு சிலிண்டரானால்? (விடை: இரண்டு, மூன்று.)