சங்கமும் சந்தாவும்



“வேலை செய்யும் உரிமை” என்னும் சொல் இரு நாடுகளில் இரு பொருள் தருகிறது. நம் அரசியல் சட்டத்தின் 41ஆம் பிரிவு கூறுவது, வேலையற்றவர் வேலை பெறும் உரிமை. அமெரிக்காவின் 26 மாநிலங்களில் இப்பெயரால் வழங்கும் சட்டங்களோ வேறு. தொழிற்சங்கத்தில் சேராமலும், அதற்குக் காசு கட்டாமலும் ஒருவர் வேலையில் நீடிக்கலாம் என்பதே அவற்றின் சாரம்.

அங்கு வழக்கு பழையது. சங்க உறுப்பினரை மட்டுமே வேலைக்கு எடுக்கும் ஏற்பாட்டை 1947ஆம் ஆண்டின் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் தடை செய்தது. மாநிலங்கள் விரும்பினால் கட்டாயச் சந்தாவையும் தடுக்கலாம் என்று வழிவிட்டது. மிச்சிகன் மாநிலம் 2012இல் அவ்வாறு தடுத்தது. 2023இல் அச்சட்டத்தை நீக்கும் சட்டத்தை இயற்றியது. வாதம் இன்னும் ஓயவில்லை.

இரு தரப்பு நியாயங்களையும் அறிய நான் அமெரிக்கா போக வேண்டியதில்லை. எங்கள் வீட்டுத் திண்ணையே போதும். என் தந்தையார் டிராம்பேக்கு அருகே ஒரு தொழிற்சாலையில் வெல்டர். மாதந்தவறாமல் சந்தா கட்டுபவர். அடுத்த வீட்டு மாமா அதே கூடத்தில் வேலை செய்பவர், சந்தா கட்டாதவர். சம்பளம் உயர்ந்தபோது இருவருக்கும் ஒரே தொகை. “கிணறு வெட்ட நாங்கள், தண்ணீர் குடிக்க நீரா?” என்பது அப்பாவின் கேள்வி. “என்னைக் கேட்டா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள்?” என்பது மாமாவின் கேள்வி. இரண்டுமே நேர்மையான கேள்விகள் அல்லவா?

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு சங்கம் அமைக்கும் உரிமையை அளிக்கிறது. மராட்டிய மாநிலம் 1971இல் இயற்றிய தொழிற்சங்க அங்கீகாரச் சட்டம், தொழிலாளரை வற்புறுத்திச் சங்கத்தில் சேர்ப்பதை முறையற்ற செயல் என்றே வகுத்தது. ஆகவே உறுப்பினராகும்படி எவரையும் கட்டாயப்படுத்த இயலாது. ஆனால் அதே சட்டத்தின்கீழ், அங்கீகாரம் பெற்ற சங்கம் செய்துகொள்ளும் ஒப்பந்தம் உறுப்பினர் அல்லாதாரையும் கட்டுப்படுத்தியது.

இதிலிருந்து எழுந்ததே பால்மர் லாரி வழக்கு. ஒப்பந்தப்படி தொழிலாளருக்குக் கிடைக்கவிருந்த நிலுவைத் தொகையில் 15 விழுக்காட்டைச் சங்க நிதிக்குப் பிடித்துக்கொள்ள நிறுவனமும் அங்கீகரிக்கப்பட்ட சங்கமும் உடன்பட்டன. உறுப்பினர் அல்லாதார் பணத்திலும் பிடித்தமா என்று மற்றொரு சங்கம் வழக்காடியது. 1984 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அப்பிடித்தம் செல்லும் என்றது. அப்பாவின் கட்சி வென்றது என்றே சொல்லலாம்.

ஆயினும் மாமாவின் கேள்வி தீர்ந்துவிடவில்லை. அவர் 1982ஆம் ஆண்டு பம்பாய்ப் பஞ்சாலை வேலைநிறுத்தத்தில் வேலையிழந்த ஒருவரின் மகன். ஆலைத் தொழிலுக்கு 1946ஆம் ஆண்டின் பம்பாய்த் தொழில் உறவுச் சட்டம் பொருந்தியது. 25 விழுக்காடு உறுப்பினர் கொண்ட சங்கம் தொழிலாளர் அனைவருக்கும் பிரதிநிதியாகலாம் என்பது அச்சட்டத்தின் விதி. அந்த நிலையைப் பெற்றிருந்தது ராஷ்டிரிய மில் மஸ்தூர் சங்கம். தொழிலாளர் திரண்டதோ டாக்டர் தத்தா சாமந்தின் பின்னால். 1982 ஜனவரி 18 அன்று தொடங்கிய போராட்டத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் வேலையை நிறுத்தினர். தெருவில் நின்றவர்களின் தலைவர் ஒருவர். சட்டத்தின் முன் பேச உரிமை பெற்றது வேறொரு சங்கம். அந்த முடிச்சு அவிழவே இல்லை. போராட்டம் முறையாக முடித்து வைக்கப்படாமலே கரைந்தது. பல்லாயிரவர் வேலை இழந்தனர்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் சேர்த்து எண்ணும்போது எனக்கு ஒன்று தெளிவாகிறது. அமெரிக்கர் “சந்தா கட்டாயமா?” என்று கேட்கின்றனர். நம் நகரின் வரலாறு கேட்பது அதற்கு முந்திய கேள்வி: “எனக்காகப் பேசுவோரைத் தேர்ந்தெடுத்தது யார்?” 1971ஆம் ஆண்டுச் சட்டம் அங்கீகாரத்துக்குக் கேட்டது 30 விழுக்காடு உறுப்பினர். உறுப்பினர் பட்டியலைச் சரிபார்ப்பதே முறை. இரகசிய வாக்கெடுப்புக்கு அதில் விதி இல்லை. நூற்றில் முப்பது பேர் சேர்ந்தால், மற்ற எழுபது பேரின் மனம் என்னவென்று கேளாமலே நூறு பேருக்கும் கையெழுத்திடலாம்!

2020ஆம் ஆண்டின் தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் உள்ள இடத்தில், தனித்துப் பேச்சு நடத்த 51 விழுக்காட்டுத் தொழிலாளரின் ஆதரவு வேண்டும் என்கிறது அது. எந்தச் சங்கமும் அவ்வளவு பெறாவிட்டால், 20 விழுக்காடேனும் பெற்ற சங்கங்களைக் கொண்டு பேச்சுவார்த்தைக் குழு அமைக்கப்படும். முப்பதினும் ஐம்பத்தொன்று மேல்தான், ஐயமில்லை. ஆனால் ஆதரவை அளக்கும் கோல் எது என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. உறுப்பினர் ஏட்டில் பெயர் ஏறுவதற்கு அச்சமும் காரணமாகலாம், அயர்வும் காரணமாகலாம். தனியறையில் இடும் வாக்கு அப்படியன்று.

பலனில் பங்கு கொள்பவர் செலவிலும் பங்கு கொள்வதே அறம். அதில் நான் அப்பாவின் பக்கம். ஆனால் சந்தா கேட்கும் கை வாக்குச்சீட்டையும் நீட்ட வேண்டும்; அதில் நான் மாமாவின் பக்கம். படிப்பு முடிந்து ஆலைக்கோ ஆய்வுக்கூடத்துக்கோ போகும் நம் முன்னும் ஒருநாள் இந்தப் பற்றுச்சீட்டு வரும். தொகையைப் பார்க்குமுன், நமக்கு அங்கே வாக்கு உண்டா என்று பார்ப்போம்.