முள்ளங்கிச் சாறு கற்றுத்தரும் சந்தேகம்

மழை ஓய்ந்த மறுநாள் எப்போதும்வென்றான் காட்டில் கால்வைத்தால் கரிசல் செருப்போடு அப்பிக்கொண்டு வரும், லேசில் விடாது. அதே மாவட்டத்தில் சாத்தான்குளம் பக்கம் போனால் தேரியின் செம்மணல். இரண்டையும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும் பிள்ளைக்கு, நடந்துவந்த வழியைச் செருப்பே சொல்லிவிடும் என்பது புரியும். 1910-ல் பிரான்சின் லியோன் நகரில் தடயவியல் ஆய்வகம் தொடங்கிய எட்மன் லொகார்டின் கொள்கையும் இதுதான்: ஒன்றோடொன்று உரசினால் இரண்டிலும் தடம் தங்கும். கரிசல்காட்டு அரசுப் பள்ளிகளின் மேல்வகுப்புகளுக்குத் தடயவியல் செய்முறைக் கருவிகள் வாங்க அரசு பணம் ஒதுக்க வேண்டும். மண் இங்கே இலவசம். லென்சுக்குத்தான் காசு வேண்டும்.

வேலைவாய்ப்பு ஒரு காரணம். ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் நேரில் போய்த் தடயம் சேகரிக்க வேண்டும் என்கிறது 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம். மாநிலங்கள் இதை நிறைவேற்ற ஐந்தாண்டு அவகாசம் உண்டு. அதற்கு ஆள் வேண்டும். அதைவிடப் பெரிய காரணம் நம் பக்கத்திலேயே நடந்தது. 2020 ஜூனில் சாத்தான்குளம் போலீசார் கைதுசெய்து கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைத்த ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்சும் இறந்தார்கள். காவல் நிலையத்தின் கேமராப் பதிவுகள் நாள்தோறும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததையும், லத்திகளிலும் மேசையிலும் ரத்தக்கறை இருந்ததாகச் சாட்சி சொன்னதையும் கோவில்பட்டி நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு அறிக்கையாக அனுப்பினார். கறையைக் கழுவிவிட்டால் வழக்கும் தேய்ந்துபோகும். வசதியுள்ளவர் இதை வக்கீல் வைத்துத் தெரிந்துகொள்வார். தீப்பெட்டித் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம்தான் சொல்லித்தர வேண்டும்.

ஆசிரியர் சம்பளத்துக்கே மத்திய நிதி இழுபறியாக இருக்கையில் இது ஆடம்பரமில்லையா? மத்திய அரசின் அடல் ஆய்வகத்துக்குப் பள்ளி ஒன்றுக்கு 20 லட்சம் வரை ஒதுக்குகிறார்கள். இதற்கு அவ்வளவு வேண்டாம். 2022 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய வானவில் மன்றம் 13,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8-ம் வகுப்பு வரை கருவிகளோடு போய்ச் சோதனை செய்துகாட்டுகிறது. 25 கோடி ரூபாய்த் திட்டம் அது. அதையே பிளஸ் டூ வரை நீட்டினால் போதும். கைரேகைக்குத் தூளும் தூரிகையும், பேனா மையைப் பிரித்துப் பார்க்க வடிதாள், இரண்டு மூன்று நல்ல நுண்ணோக்கிகள். கருவியோடு நிறுத்தாமல், தீர்ந்துபோகும் ரசாயனத்துக்கும் ஆண்டுதோறும் பணம் வேண்டும். இல்லையென்றால் பெட்டி பீரோவில் தூங்கும். பள்ளியில் காரத்தைச் சோதிக்கிற அதே பினாப்தலினை ஆசிரியர் நிறம் நீக்கித் தயாரித்துவைத்தால், ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்ந்ததும் ரத்தக்கறையில் இளஞ்சிவப்பாகும்.

பிள்ளைகளிடம் ரத்தமும் கொலையுமா என்று முகம் சுளிப்பவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை ரத்தப் பொரியலுக்கு வாங்கும் ஆட்டு ரத்தத்தில் ஒரு துளி போதும். அரைகுறை அறிவு ஆபத்து என்ற ஆட்சேபம்தான் கனமானது. டிவி தொடர் பார்ப்பவர்கள் சோதனை ஒருநாளும் பொய் சொல்லாது என்று நம்பிவிடுகிறார்கள். அதற்கு மருந்தும் அதே மேசையில் இருக்கிறது. ரத்தத்துக்குப் பதில் முள்ளங்கிச் சாற்றை வைத்தாலும் நிறம் மாறும். அதிலுள்ள நொதியின் வேலை அது. தன் கையாலேயே அதைச் செய்து ஏமாந்த மாணவி, பிறகு யார்மீது குற்றம் சொன்னாலும், ‘வேறு எதனால் இப்படி ஆகியிருக்கலாம்?’ என்று ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் நம்புவாள்.