உம்மம்மாவின் பாட்டும் ஒரு போர்வையும்: வீட்டில் ஒலிப்பதிவு செய்வது எப்படி?

என்னிடம் 42 நிமிட ஒலிப்பதிவு ஒன்று இருக்கிறது. அதில் என் உம்மம்மா 11 பாட்டுகள் படிக்கிறார். தாலாட்டு, கவி, நெல் குத்தும்போது படித்தவை, கிண்ணியாவிலிருந்து பாதையில் ஏறிக் கல்யாணப் பெண்ணாக இக்கரைக்கு வந்த கதை எல்லாம் அதில் உண்டு. ஆனால் அதைத் திறந்தால் முதலில் கேட்பது மின்விசிறியின் இரைச்சல். அதற்குப் பின்னால், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, உம்மம்மாவின் குரல்.

அந்தப் பதிவுக்காக நான் இரண்டு வருட உண்டியல் பணத்தைச் செலவழித்தேன். கடையொன்றில், "ஸ்டூடியோவில் பாவிப்பது இதுதான்" என்று சொல்லிக் கொடுத்த ஒலிவாங்கியை வாங்கினேன். தரையோடு பதித்த எங்கள் மண்டபத்தின் நடுவில் அதை வைத்தேன். மண்டபம் பெரிது, வெளிச்சமானது, உம்மம்மாவின் கதிரையும் அங்கேதான். நான் செய்த பிழை அங்கேயே தொடங்கியது. அந்தப் பிழையிலிருந்து கற்றதையே இக்கட்டுரையில் சொல்கிறேன்.

முதலில் அறை, பிறகு ஒலிவாங்கி

நாம் பேசும்போது குரல் ஒரே பாதையில் மட்டும் ஒலிவாங்கிக்குப் போவதில்லை. நேராகச் செல்வது ஒரு பங்கு. சுவரிலும் தரையிலும் கூரையிலும் மோதித் திரும்பிச் சற்றுப் பிந்தி வந்து சேருவது மறு பங்கு. நம் காதும் மூளையும் சேர்ந்து இந்த எதிரொலியைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடுகின்றன. ஒலிவாங்கிக்கு அந்தக் கெட்டித்தனம் இல்லை. வந்ததையெல்லாம் அப்படியே எழுதிக்கொள்ளும்.

எந்த அறை நல்லது என்றறிய ஒரு முறை பலமாகக் கை தட்டிப் பாருங்கள். தட்டிய பின்னும் ஓசை இழுபட்டால் அந்த அறை வேண்டாம். எங்கள் மண்டபத்தில் அது நன்றாகவே இழுபடும். படுக்கையறையில் தட்டினால் ஓசை உடனே அடங்கிவிடும். மெத்தை, திரைச்சீலை, துணி நிறைந்த அலுமாரி ஆகியவை ஒலியை உறிஞ்சிக்கொள்வதே காரணம். அலுமாரியைத் திறந்து வைத்து, பாடுபவருக்குப் பின்னால் கனமான போர்வையொன்றைத் தொங்கவிட்டால் இன்னும் நல்லது.

அடுத்தது வெளியிலிருந்து வரும் சத்தம். சீனன்குடாவில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. விமானப்படையின் பயிற்சி விமானங்கள், புகையிரதம், கடற்காற்று எல்லாம் நமக்குப் பழகியவை. இவை போதாதென்று, தாலாட்டின் நடுவில் பாண்காரரின் முச்சக்கரவண்டி பீத்தோவனின் மெட்டோடு வந்து சேரும். ஒரு நாள் முழுவதும் ஒரு தாளில் எந்த நேரம் என்ன சத்தம் என்று குறித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் அமைதியான நேரம் இஷாவுக்குப் பின்னர்தான். மின்விசிறியையும் குளிர்சாதனப்பெட்டியையும் அந்த அரைமணி நேரம் நிறுத்தி வைக்க வேண்டும். வியர்க்கும், பொறுத்துக்கொள்ளலாம்.

எதை வாங்குவது?

பெரும்பாலான வீடுகளில் முதல் கருவி ஏற்கனவே இருக்கிறது. அது கையடக்கத் தொலைபேசிதான். 1933 இல் ஜோன் லோமக்ஸும் அவரது 18 வயது மகன் அலனும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காக நாட்டுப்பாடல்களைத் தேடிப் போனபோது, அவர்களது காரில் இருந்த பதிவுக்கருவி சுமார் 143 கிலோ எடை கொண்டது. நம் கையில் இருப்பது ஒரு கொப்பியளவு எடைகூட இல்லை. அதை மேசையில் மடித்த துவாய் ஒன்றின் மேல் வையுங்கள். அழைப்பு வராதபடி விமானப் பயண நிலையில் போடுங்கள். பதிவு செயலியில் உள்ள மிக உயர்ந்த தரத்தைத் தெரிவு செய்யுங்கள்.

பணம் சேர்த்து ஒலிவாங்கி வாங்க விரும்பினால் இரு வகைகளை அறிந்திருக்க வேண்டும். கண்டென்சர் வகை மிக நுண்ணியது, மெல்லிய மூச்சையும் பிடிக்கும். அதே காரணத்தால் அடுத்த வீட்டுக் கோழியையும் பிடிக்கும். ஸ்டூடியோக்களில் பாவிக்கும் கண்டென்சர்களுக்குப் பெரும்பாலும் 48 வோல்ட் மின்சாரமும் வேண்டும். அதைத் தரும் இடைமுகக் கருவியைத் தனியாக வாங்க நேரும். டைனமிக் வகை அவ்வளவு நுண்ணியதல்ல. வாய்க்கு அருகில் வைத்தால் முன்னால் இருப்பவரின் குரலையே பெரிதும் எடுக்கும். மேடைகளில் நாம் காணும் ஷூர் எஸ்.எம். 58 அந்த வகைதான். 1966 இல் வந்தது, இன்றும் விற்பனையில் இருக்கிறது. சத்தமான வீட்டுக்கு டைனமிக்கே பொருத்தம் என்பது என் அனுபவம். நான் வாங்கியது கண்டென்சர். கருவி நல்லதுதான், எங்கள் மண்டபம்தான் அதற்கு ஏற்றதல்ல.

ஒலிவாங்கிக்கு அடுத்தபடியாகப் பணம் செலவழிக்கத் தகுந்தது காதை முழுதாக மூடும் ஹெட்போன். அது இல்லாமல் பதிவின் குறை நமக்குத் தெரியாது. அன்று நான் ஹெட்போன் போட்டிருந்தால் முதல் நிமிடத்திலேயே மின்விசிறியை நிறுத்தியிருப்பேன்.

வைக்கும் விதம்

ஒலிவாங்கிக்கும் வாய்க்கும் இடையே ஒரு சாண் தூரம் போதும். தூரம் இரு மடங்கானால் நேராக வரும் குரல் சுமார் 6 டெசிபல் குறையும். அறையின் எதிரொலியோ ஏறக்குறைய அப்படியே இருக்கும். தள்ளி வைத்த பதிவில் குரல் கிணற்றுக்குள் கேட்பது இதனால்தான்.

"ப" போன்ற எழுத்துகளை உச்சரிக்கும்போது வாயிலிருந்து காற்று வேகமாக வெளிவந்து ஒலிவாங்கியில் 'டப்' என்று அடிக்கும். இதற்கு வடிகட்டி விற்கிறார்கள். வாங்கத் தேவையில்லை. பூத்தையல் வளையத்தில் மெல்லிய காலுறைத் துணியை இழுத்து மாட்டி, வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் நடுவில் நிறுத்தினால் போதும். ஒலிவாங்கியை வாய்க்கு நேரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வைப்பதும் உதவும்.

ஒலி மட்டத்தைக் காட்டும் கோடு சிவப்பைத் தொடவே கூடாது. தொட்டால் குரல் வெட்டுப்பட்டுக் கரகரக்கும், பின்னர் அதைச் சரியாகத் திருத்த முடியாது. பாட்டின் மிக உரத்த அடியை முதலில் பாடச் செய்து, உச்சம் -12 டெசிபல் அளவில் நிற்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். தொடங்குமுன் யாரும் பேசாமல் 10 விநாடி அறையின் அமைதியையும் பதியுங்கள். ஒடாசிட்டி என்ற இலவச மென்பொருள் அந்த 10 விநாடியை மாதிரியாகக் கொண்டு தொடர் இரைச்சலைக் குறைக்கும். அளவோடு செய்ய வேண்டும். மிஞ்சினால் குரல் தண்ணீருக்குள் பேசுவதுபோல் ஆகிவிடும். எதிரொலியை அவ்வளவு இலகுவாக நீக்க முடியாது.

எல்லாவற்றுக்கும் முன்னர் ஒரு நிமிடம் பதிந்து, ஹெட்போனில் கேட்டு, அதன் பிறகே பாடுபவரைத் தொடங்கச் சொல்லுங்கள். இந்த ஒரு நிமிடத்தைத்தான் நான் செலவழிக்கவில்லை.

பதிந்த பின்

மூலக்கோப்பை வேவ் வடிவில் வைத்திருங்கள். ஒற்றைத் தடத்தில் நிமிடத்துக்கு 5 மெகாபைட் அளவில் இடம் பிடிக்கும். வாட்ஸ்அப்பில் குரல்செய்தியாக அனுப்பினால் ஒலி சுருக்கப்பட்டுத் தரம் குறையும், ஆவணமாக அனுப்புங்கள். மூன்று பிரதிகள் வேண்டும்: தொலைபேசியில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, வேறொரு வீட்டில் ஒன்று. பாடியவர், ஊர், திகதி, பாட்டு எப்போது பாடப்பட்டது என்பவற்றையும் எழுதி வையுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பதிவு செய்வது வேறு, வெளியிடுவது வேறு. பாடியவரின் சம்மதமில்லாமல் அவரது குரலை யாருக்கும் அனுப்பக் கூடாது. எங்கள் வீட்டில் உம்மம்மா, "பிள்ளைகள் கேட்கட்டும், வெளியே போக வேண்டாம்" என்றார். அப்படியே வைத்திருக்கிறோம். வெளியே கொடுக்க விரும்பும் குடும்பங்களுக்கு, 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகமும் அதன் ஆவணகமும் இருக்கின்றன. நிந்தவூரைச் சேர்ந்த எஸ். முத்துமீரான் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்து நூலாக்கித் தந்தார். நூலில் சொற்கள் இருக்கும். மெட்டும் மூச்சும் இருக்க ஒலிப்பதிவு வேண்டும்.

முதல் பதிவு நடந்து எட்டு மாதங்களின் பின், படுக்கையறையில், அலுமாரியைத் திறந்து வைத்து, வாப்பாவின் பழைய தொலைபேசியில் இரண்டாம் பதிவைச் செய்தேன். குரல் பக்கத்தில் இருந்து படிப்பதுபோல் தெளிவாக இருக்கிறது. ஆனால் அதற்கிடையில் உம்மம்மா ஒரு முறை வைத்தியசாலைக்குப் போய் வந்திருந்தார். 11 பாட்டில் 4 பாட்டே அவருக்கு நினைவு வந்தது. மற்ற 7 பாட்டும் அந்த மின்விசிறிக்குப் பின்னால்தான் இருக்கின்றன. அவற்றைக் கேட்டுக் கேட்டு, சொல் சொல்லாகக் கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கிறேன். விளங்காத இடத்தில் உம்மம்மாவிடம் கேட்பேன். சில நாள் சொல்வார். சில நாள், "இது யாரு மகள் படிக்கிற?" என்று என்னையே கேட்பார்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். நல்ல கருவி வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்று இஷாவுக்குப் பின் மின்விசிறியை நிறுத்துங்கள்.