பாட்டுப் புத்தகமும் பாட்டாசிரியர் பெயரும்

பரிபாடலைப் பயில்வோர் பாடலின் பொருளில் ஆழ்ந்து, அதன் இறுதியிலுள்ள சிறு குறிப்பைக் கடந்து சென்றுவிடுவது உண்டு. ஆயின் அக்குறிப்பு மிக அரியது. கிடைத்துள்ள பாடல்களில் பெரும்பாலானவற்றின் கீழ் மூன்று செய்திகள் காணப்படுகின்றன: பாடலை இயற்றியவர் யார், அதற்கு இசை வகுத்தவர் யார், அஃது எப்பண்ணில் அமைந்தது என்பன. மூன்றாம் பாடலைக் கடுவன் இளவெயினனார் இயற்றினார், பெட்டனாகனார் இசை வகுத்தார், பண் பாலையாழ். எழுபது பாடல்கள் கொண்டிருந்த நூலில் இன்று முழுமையாக எஞ்சியிருப்பவை 22 மட்டுமே. எனினும் எஞ்சியவற்றின் ஆசிரியரையும் இசையமைப்பாளரையும் நாம் பெயர் சொல்லி அழைக்க முடிகிறது. இசை மறைந்துவிட்டது, இசைத்தவர் பெயர் மறையவில்லை. அதனை ஏட்டில் எழுதிவைத்த ஒருவர்க்கு நாம் கடமைப்பட்டுள்ளோம்.

சென்ற நூற்றாண்டில் தமிழ் மக்கள் நாள்தோறும் கேட்டுப் பாடிய வெகுமக்கள் இசைக்கு இத்தகைய குறிப்பு உண்டா? உண்டெனில் எங்கே உள்ளது? அதனைக் கொண்டு எழுந்த நூல்கள் யாவை? அந்நூல்களை நாம் எவ்வாறு பயன்கொள்ள வேண்டும்? இவற்றைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முச்சந்தியில் விற்ற பாட்டு

திரைப்படம் தோன்றுவதற்கு முன்பே தமிழகத்தில் பாட்டு அச்சேறி விலைபோயிற்று. சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் மலிந்த தாளில் அச்சிட்ட சிறு நூல்கள் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்கப்பட்டன. இரயில் விபத்து, வெள்ளம், கொலை வழக்கு என ஊரார் வாயில் அன்று புகுந்த செய்தி யாவும் சிந்தாகவும் கும்மியாகவும் வடிவெடுத்தன. நாடகப் பாடல்களும் அவ்வாறே வெளிவந்தன. இவற்றைக் கற்றோர் நூலாக மதிக்கவில்லை. நூலகங்களும் பெரிதாகத் தொகுக்கவில்லை. இவ்வெளியீடுகளை ஆராய்ந்து ஆ. இரா. வேங்கடாசலபதி எழுதிய 'முச்சந்தி இலக்கியம்' 2004இல் வெளிவந்த பின்னரே இத்துறையின் பரப்பு பலர்க்கும் புலனாயிற்று.

இந்நூல்களில் பாடலின் தலைப்பில் 'வர்ணமெட்டு' என ஒரு குறிப்பு இருக்கும். மக்கள் முன்பே அறிந்த வேறொரு பாடலைச் சுட்டி, அதன் மெட்டில் இதனைப் பாடுக என்பது அதன் பொருள். இசைக்குறி அறியாத எளிய வாசகர்க்கு இசையைக் கற்பிக்க இதனினும் எளிய வழி இல்லை. இன்றைய ஆய்வாளர்க்கோ அக்குறிப்பு ஒரு சான்று. எந்த மெட்டு எங்கிருந்து எங்குப் பரவியது, பார்சி நாடக மெட்டும் இந்துஸ்தானி மெட்டும் தமிழ் மேடையில் எவ்வாறு குடிபுகுந்தன என்பவற்றை அதனைக் கொண்டே அறிகிறோம்.

திரைப்படப் பாட்டுப் புத்தகம்

1931 அக்டோபர் 31 அன்று வெளிவந்த 'காளிதாஸ்' முதல் தமிழ்ப் பேசும் படம் எனப்படுகிறது. எச். எம். ரெட்டி இயக்கிய அப்படத்தில் டி. பி. இராஜலட்சுமி நடித்தார். பாடல்கள் எழுதியவர் மதுரகவி பாஸ்கரதாஸ். அப்படத்தின் படச்சுருள் இன்று இல்லை. தொடக்கக் காலத் தமிழ்ப் படங்களில் பெரும்பகுதிக்கு இதுவே கதி. படம் அழிந்தது; பாட்டுப் புத்தகம் பல படங்களுக்கு எஞ்சியது.

கொட்டகை வாயிலில் சில அணாக்களுக்கு விற்ற அச்சிறு புத்தகத்தை மூத்த தலைமுறையினர் நன்கறிவர். மேலட்டையில் நடிகர் படம். உள்ளே நடிகர், தொழில்நுட்பக் கலைஞர் பட்டியல். பிறகு கதைச் சுருக்கம். கதை உச்சத்தை நெருங்கும் வேளையில் 'மீதியை வெண்திரையில் காண்க' என்று நின்றுவிடும். அதன்பின் பாடல்கள் வரிசையாக வரும். முற்காலப் புத்தகங்களில் இராகமும் தாளமும் குறிக்கப்பட்டிருக்கும். படம் பார்த்தவர் வீட்டிற்குச் சென்று பாடிப் பழக அது துணை. படம் பார்க்க இயலாதவர்க்கோ அதுவே படம். இன்றைய வரலாற்றாசிரியர்க்கு அது முதன்மைச் சான்று.

பரிபாடலின் ஈற்றுக் குறிப்புக்கும் இப்புத்தகத்துக்கும் ஒப்புமை வெளிப்படை. எனினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. ஒரே ஆசிரியர் எல்லாப் பாடல்களையும் எழுதிய படத்தில் ஐயம் எழுவதில்லை. இருவர் மூவர் எழுதிய படத்தில், 'பாடல்கள்' எனும் தலைப்பின்கீழ் அனைவர் பெயரையும் ஒருசேர அச்சிட்டு, எப்பாடல் எவருடையது எனக் கூறாமல் விட்ட புத்தகங்கள் பல. படத்தின் பெயர்ப்பட்டியலும் அவ்வாறே. இசைத்தட்டின் நடுவிலுள்ள தாள்வட்டம் பாடியவர் பெயரைக் கூறும். எழுதியவர் பெயர் பல தட்டுகளில் இராது. இக்குழப்பத்தின் விளைவாக, புகழ் குறைந்தவர் எழுதிய பாடல் புகழ் மிகுந்தவர் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. வாலியின் பாடலைக் கண்ணதாசன் பாடல் எனக் கூறுவோர் இன்றும் உளர். பெரும்புகழ் பெற்ற வாலிக்கே இந்நிலை எனில், இரண்டொரு படங்களுக்கு மட்டும் எழுதி ஊர் திரும்பிய கவிஞரின் நிலை யாது?

திரைக்கு வெளியிலும் இதே நிலைதான். நாகூர் இ. எம். ஹனீபா 2015இல் மறையும் வரை அவர் குரல் ஒலிக்காத இசுலாமியத் திருமண இல்லமோ விழா மேடையோ தமிழகத்தில் அரிது எனலாம். அவர் பாடிய பாடல்களை மனப்பாடமாகக் கூறுவோர் பல்லாயிரவர். அவற்றை எழுதிய கவிஞர் யாவர் எனக் கேட்டால் விடை கூறுவோர் மிகச் சிலரே.

மதிப்பின்மையும் அதன் விளைவும்

இவ்விசையைப் பற்றி நூல்கள் எழக் காலம் தாழ்த்தியது ஏன்? கற்றோர் அதனைத் தாழ்வாக எண்ணியது ஒரு காரணம். 1952இல் ஒன்றிய அமைச்சராகப் பொறுப்பேற்ற பி. வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களைப் பெரிதும் கட்டுப்படுத்தினார். மக்களோ செவியை இலங்கை வானொலியின் பக்கம் திருப்பினர். 1957இல் 'விவித பாரதி' தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணமாயிற்று. அரசே ஒதுக்கிய இசையை ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கருதப் பல்கலைக்கழகங்கள் முன்வராமை வியப்பன்று.

எனினும் இதழ்கள் முற்றிலும் வாளாவிருக்கவில்லை. கல்கி, 'கர்நாடகம்' எனும் புனைபெயரில் ஆனந்த விகடனில் எழுதிய இசை விமரிசனங்கள், இசையைப் பற்றி எளிய தமிழில் நகைச்சுவையுடன் எழுதமுடியும் என்பதை நிலைநாட்டின. அவரே 1945இல் வெளிவந்த 'மீரா' படத்திற்குப் பாடலும் இயற்றினார்.

தொகுப்பும் தன்வரலாறும்

பாட்டுப் புத்தகத்தின் அடுத்த படி, ஓர் ஆசிரியரின் பாடல்களைத் தொகுத்து நூலாக்குதல். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1930இல் பிறந்து 1959இல் மறைந்தார். வாழ்ந்தது 29 ஆண்டுகளே. அவர் பாடல்கள் தொகுக்கப்பட்டு நூலான பின்னரே, படங்களில் சிதறிக்கிடந்தவை ஒரு கவிஞரின் முழுமையான குரலாக நமக்குக் கேட்டன. பொதுவுடைமைக் கவிஞர் எனும் மதிப்பீடு வலுப்பெறத் தொகுப்பு நூல் பெருந்துணை செய்தது.

தன்வரலாறுகள் மற்றொரு வகை. கண்ணதாசனின் 'வனவாசம்', வாலியின் 'நானும் இந்த நூற்றாண்டும்' ஆகியன திரையுலகை உள்ளிருந்து காட்டுகின்றன. பாஸ்கரதாஸ் எழுதிவைத்த நாட்குறிப்புகளும் பிற்காலத்தில் அச்சாயின. இவ்விரு வகையையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது. நாட்குறிப்பு அன்றன்று எழுதப்பட்டது. எழுதுவோர்க்குத் தம் எதிர்காலப் புகழ் தெரியாது. தன்வரலாறு புகழ் வந்தபின் நினைவிலிருந்து எழுதப்படுவது; அதன் நடையழகு மிகுதி, ஆயின் நாளும் ஆண்டும் பிற சான்றால் உறுதிபெற வேண்டும்.

இலக்கிய வரலாற்றுப் பார்வையில் சு. தியடோர் பாஸ்கரன் ஆங்கிலத்தில் எழுதிய இரு நூல்கள் முதன்மையானவை. 1981இல் வந்தது, நாடகமும் இசைத்தட்டும் திரைப்படமும் விடுதலை இயக்கத்திற்குத் துணைநின்ற வரலாற்றை ஆராய்ந்தது. 1996இல் வந்தது தமிழ்த் திரைப்படத்தையே அறிமுகம் செய்தது. தமிழில் வாமனன் பல பகுதிகளாக எழுதிய 'திரை இசை அலைகள்', பாடகர், இசையமைப்பாளர், பாடலாசிரியர் ஆகியோரின் வாழ்க்கைச் செய்திகளைத் தேடித் தொகுத்துள்ளது.

மெட்டை மறந்த ஆய்வு

தமிழ்த்துறைகளில் திரைப்பாடல் ஆய்வுக்குப் பஞ்சமில்லை. உவமை, உருவகம், சமுதாயப் பார்வை எனும் தலைப்புகளில் ஆய்வேடுகள் பல உள்ளன. அவற்றுள் பல, பாடலை ஏட்டில் எழுதிய கவிதையாகவே கொண்டு ஆராய்கின்றன. இங்கு ஓர் அடிப்படை உண்மை விடுபடுகிறது. திரைப்பாடல்களில் பெரும்பாலானவை மெட்டுக்கு எழுதப்பட்டவை. இசையமைப்பாளர் 'தன்னன தானா' எனத் தத்தகாரத்தில் மெட்டைக் கூற, குறிலும் நெடிலும் வல்லினமும் மெல்லினமும் அதற்கு இயையக் கவிஞர் சொல்லமைக்கிறார். ஓரிடத்தில் நெடில் வேண்டுமெனில் பொருட்சிறப்புடைய குறிற்சொல்லையும் அவர் துறத்தல் வேண்டும்.

இது தமிழ் மரபிற்குப் புதியதன்று. அருணகிரிநாதர் திருப்புகழுக்கு உரிய சந்தக்குழிப்பு இதே இலக்கணத்தினது. திருப்புகழின் சொல்லாட்சியைச் சந்தத்தை விலக்கி மதிப்பிட எவரும் துணியார். திரைப்பாடலுக்கு மட்டும் அவ்வாறு செய்தல் முறையாகாது. பாடல், மெட்டு, கதைச்சூழல் மூன்றையும் ஒருங்கே நோக்கும் நூலே முழுமையான நூல். பரிபாடலின் கீழ்க்குறிப்பை எழுதியவர் இதனை அன்றே உணர்ந்திருந்தார்.

பெயரின் மதிப்பு

ஆசிரியர் பெயரைத் தேடுதல் வெறும் பழம்பொருள் ஆர்வம் எனச் சிலர் கருதலாம். 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம், திரைப்பாடல் பிற வழிகளில் பயன்படும்போது அதன் ஆசிரியரும் இசையமைப்பாளரும் உரிமத்தொகையில் பங்குபெறும் உரிமையை உறுதிசெய்தது. பெயர் பிழைபட்டால் அவ்வுரிமையும் பிழைபடும். கவிஞர் மறைந்தபின் அவர் குடும்பத்தார்க்குச் சேரவேண்டியதும் தடைபடும். இன்று கைப்பேசியில் பாட்டுக் கேட்கிறோம். அங்கும் பாடகர் பெயர் முன்னிற்க, பாடலாசிரியர் பெயர் பல வேளைகளில் காணப்படுவதில்லை. கருவி புதிது; குறை பழையது.

ஒலிநாடாக்கள் பரவிய பின்னர்ப் பாட்டுப் புத்தகம் படிப்படியாக வழக்கொழிந்தது. எஞ்சியவற்றுள் ஒரு பகுதி சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. கோட்டையூரில் தனிமனிதர் ஒருவர் திரட்டிய தொகுப்பே 1994இல் அந்நூலகமாக மலர்ந்தது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

இப்பணியில் மாணவர்க்கும் பங்குண்டு. வீட்டுப் பரணிலும் பழைய புத்தகக் கடையிலும் பாட்டுப் புத்தகம் கிடைக்கலாம். கிடைத்ததைப் படத்தின் பெயர்ப்பட்டியலோடும் இசைத்தட்டோடும் கவிஞரின் தொகுப்போடும் ஒப்பிட வேண்டும். இரு சான்றுகள் ஒத்தால் பெயரை எழுதலாம். முரண்பட்டால் முரண்பாட்டையே குறித்துவைக்க வேண்டும். ஊகத்தைச் சான்றாக்குதல் மறதியினும் தீது. தம் ஊரில் வாழ்ந்து, சில பாடல்களே எழுதி, பெயர் மறைந்த ஒரு கவிஞரைப் பற்றி ஒவ்வொரு மாணவரும் பத்துப் பக்கம் எழுதினால், தமிழ்த் திரையிசை வரலாற்றில் இன்று வெற்றிடமாக உள்ள பக்கங்கள் பல நிரம்பும்.