குளத்துப் பாசி கற்பிக்கும் பாடம்

மயிலைத் தெப்பக்குளத்தின் படியில் கால் வழுக்கினால் பாசியை வைவது நம்மவர் வழக்கம். அதைக் கையில் எடுத்து, இஃது என்ன என்று கேட்டவர் மிகச் சிலரே. அச்சிலருள் தலையாயவர் 1886-ஆம் ஆண்டில் சென்னையில் பிறந்த எம். ஓ. பார்த்தசாரதி ஐயங்கார். ராஜதானிக் கல்லூரியில் தாவர சாஸ்திரம் போதித்தவர். பின்னர்ச் சென்னைச் சர்வகலாசாலையில் அத்துறை ஆராய்ச்சியை வளர்த்தவர். 1932-ல் ஃபிரிட்சியெல்லா என்ற புதிய பச்சைப் பாசியை அவர் உலகுக்கு அறிவித்தார். அது ஈர மண்ணில், ஒரு பகுதி மண்ணுள்ளும் ஒரு பகுதி வெளியிலுமாக வாழ்வது. அதற்கு லண்டன் பேராசிரியர் ஃபிரிட்சின் பெயரைச் சூட்டினார். பெயர் ஆங்கிலேயருடையது, ஆனால் செல்வம் நம் மண்ணினுடையது.

பாசிக்குப் பசுமை தருவது அதன் உயிரணுவிலுள்ள பசுங்கணிகம். கிளாமிடோமோனாஸ் என்னும் நுண்பாசியில் அது கிண்ணம்போல் ஒன்றே ஒன்று இருக்கிறது. அதனுள் பச்சையம் தாங்கிய மெல்லிய ஏடுகள். அடியில் கரியமில வாயுவைப் பிடித்து உணவாக்கும் பைரினாய்டு என்னும் திரள்.

இக்கிண்ணம் என்றும் ஒரே நிலையில் இருப்பதென்று எண்ணுதல் தவறு. வெளிச்சம் குறைந்தால், கிடைத்த சொற்ப ஒளியையும் சிந்தாமல் பிடிக்கும் பொருட்டு, பச்சையத்தையும் ஏடுகளையும் பெருக்குகிறது. வெயில் மிகுந்தால் அவற்றைச் சுருக்குகிறது. கரியமில வாயுவைத் தாராளமாக ஊட்டி வளர்த்த பாசியைச் சாதாரணக் காற்றுக்கு மாற்றினால், சில மணி நேரத்துக்குள் பைரினாய்டைச் சுற்றி மாப்பொருள் உறை கட்டிக்கொள்கிறது. அரிதாய்க் கிடைத்த வாயு கசிந்து வீணாகாதபடி செய்யும் ஏற்பாடு அது. நைட்ரஜன் உப்புக்குப் பஞ்சம் வந்தாலோ பச்சையம் குன்றுகிறது. மாப்பொருளும் எண்ணெயும் சேர்கின்றன. உப்பளங்களில் வாழும் டுனாலியெல்லா, கடும் உப்பிலும் வெயிலிலும் தன் பசுங்கணிகத்துள் பீட்டா கரோட்டீன் துளிகளை நிரப்பிச் செம்மஞ்சளாகிறது. அப்பொருள் அதன் உலர்ந்த எடையில் நூற்றுக்குப் பத்துப் பங்கு வரையும் ஏறக்கூடும்.

இவையெல்லாம் வயிற்றுக்குச் சோறு போடுமா என்று சிலர் கேட்கலாம். அந்தக் கரோட்டீனை வியாபாரச் சரக்காக்கி அயல் நாடுகள் பொருள் ஈட்டுகின்றன என்பதே அவர்களுக்கு விடை. அதனினும் முக்கியமானது ஒன்று உண்டு. பாசி, நீரின் நிலையைத் தன் உடலிலேயே எழுதிக் காட்டும் சாட்சி. சாக்கடை கலந்து ஊட்டம் மிகுந்தால் குளம் பச்சைக் குழம்பாகிறது. பாசி மடிந்து அழுகுங்கால் நீரிலுள்ள பிராணவாயு தீர்ந்து மீன்கள் மாள்கின்றன. பாசியை வைது பயனில்லை, ஊட்டியவர் நாமே.

1923-ல் தொடங்கி மாம்பலத்தின் நீண்ட ஏரியை வற்றச் செய்து தியாகராய நகரை எழுப்பினோம். அந்நீரில் வாழ்ந்த நுண்ணுயிர்களின் கணக்கை யார் எடுத்து வைத்தார்? போனது போகட்டும். மயிலைக் குளமும் அடையாற்றின் முகத்துவாரமும் இன்னும் நம்மிடம் இருக்கின்றன. அவற்றில் கழிவுநீர் கலவாமல் காப்பது நகராட்சியின் கடமை. காக்கச் செய்வது குடிகளின் கடமை. அவ்விடங்களின் ஒரு துளி நீரைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து, நம் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே விளக்கும் ஆசிரியர் ஒவ்வொரு பள்ளியிலும் வேண்டும். தன் ஊர் நீரை அறியாதவன் தன் நாட்டை எங்ஙனம் அறிவான்?